கேமராக்காரர்களுக்கு வைத்த இட்லி

டிவிக்காரர்கள் வருகிறார்கள் என்று திருவேங்கடம் அண்ணன் சொன்னதும் நாங்கள் செய்த முதல் வேலை, கொரட்டூர் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டதுதான். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கேபிள் டிவி எங்கள் பக்கம் வந்த புதிது. வீடியோ கேமராவை நாங்கள் பார்த்ததெல்லாம் கல்யாணத்திலும் காதுகுத்திலும்தான். கேமரா வந்தால் முகம் கழுவிப் பவுடர் போட்டு, பூ வைத்து, அது நம் பக்கம் திரும்பும்போது சிரிக்க வேண்டும். உண்ணாவிரதப் பந்தலுக்கு வரும் கேமராவுக்கு வேறு முகம் காட்ட வேண்டும் என்று எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப்செட் செய்கிற கம்பெனி அது. என் வீட்டுக்காரர் துலுக்கானம் அங்கே லேத் ஓட்டினார். சங்கம் ஆரம்பித்தார்கள் என்று அவரையும் அவர் சிநேகிதர் லட்சுமணனையும் இன்னும் சிலரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சங்கத்துத் தலைவர் திருவேங்கடம் அண்ணன் கம்பெனி கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டார். வேலை கொடுக்கிறவரை சோறு இல்லை என்று எல்லோரும் படுத்துவிட்டார்கள். திங்கட்கிழமைவரை தாக்குப்பிடித்தால் பக்கத்துக் கம்பெனி ஆட்களும் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் வந்தால் முதலாளி இறங்கி வந்துதான் ஆகவேண்டும். எங்களுக்கு வேறு நம்பிக்கை எதுவும் இல்லை.

சனிக்கிழமை காலையில் வேன் வந்தது. வைகறை டிவி என்று பெரிதாக எழுதியிருந்தது. மனோகரன் என்ற நிருபர் இறங்கினான். வலது கையில் தங்கச் செயின் போட்ட வாட்ச், வாயில் தேன். "அக்கா, அக்கா" என்று அவன் குழைந்ததில் எங்களுக்கு மனசு இளகிவிட்டது. எத்தனை நாளாயிற்று, எங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டு?

"காலீலேர்ந்து பச்சத்தண்ணி கூட குடிக்கலக்கா" என்றான்.

லட்சுமணன் பெண்சாதி குப்பம்மா என்னைப் பார்த்தாள். நமக்காக வந்தவனைப் பசியோடு அனுப்புவதா? பிள்ளைகளுக்காக அவித்து வைத்திருந்த இட்லி தூக்கில் இருந்தது. பட்டினி கிடக்கிறவர்கள் கண்ணெதிரே வேண்டாமென்று பந்தலுக்குப் பின்னால், படுதாவுக்கு மறைவில் உட்காரவைத்துப் பரிமாறினோம். சாம்பாரை ஊற்றும்போது கேமராக்காரப் பையன், "கொஞ்சம் சிரிங்கக்கா" என்றான். பாவி, நானும் சிரித்தேன். குப்பம்மா வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

பிறகு பந்தலுக்குள் போய்ப் படுத்திருந்தவர்களைப் படம் பிடித்தார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு பேசினார். நிறையப் பேசினார். மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

சாயங்காலம் எதிர் டீக்கடைக்காரர் டிவிப் பெட்டியைப் பந்தல் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஷிஃப்ட் முடிந்து வந்த பக்கத்துக் கம்பெனி ஆட்களும் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்கள். முதலில் ஏதோ திறப்பு விழாவைக் காட்டினார்கள். ஆளுங்கட்சிப் பெரிய மனுஷர் ஒருவர் ரிப்பன் வெட்டினார், பக்கத்தில் எங்கள் முதலாளி கத்தரிக்கோல் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். அப்புறம் நாங்கள் வந்தோம்.

"எதிர்க்கட்சி தூண்டுதலில் நடக்கும் உண்ணாவிரதத்தில் இட்லி, சாம்பார் விருந்து" என்று அழகான ஒரு பெண் குரல் வாசித்தது. பட்டுப்புடவையில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு சாம்பார் ஊற்றினேன். இலையிலிருந்து ஒரு கை இட்லியைப் பிய்த்தது. உடனே என் வீட்டுக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டார். அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

"அய்யோ, அது அவன் கைய்யா! வாட்சைப் பாருங்கய்யா, தங்க வாட்சு!" என்று நான் கத்தினேன். அதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. கத்தினால் திரும்பக் காட்டுமா அந்தப் பெட்டி?

சைக்கிள்காரர்களில் ஒருவன், "இன்னா அண்ணாத்தே, சட்னி இல்லியா?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை மெஷினை நிறுத்திவிட்டு வர வேண்டியவர்கள் அவர்கள்தான்.

மறுநாள் திருவேங்கடம் அண்ணன் விசாரித்துக்கொண்டு வந்தார். அலுப்போடு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அந்த டிவில பாதி நம்ம மொதலாளி மச்சானுது. மீதி பாதி, நேத்து ரிப்பன் வெட்னாரே, அவரு மருமவனுது. நமக்கோசரம் அவன் இன்னாத்துக்கு வேன் எட்துகினு வருவான்னு நானாவது ரோசன பண்ணியிருக்கணும்."

பந்தலில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். என் வீட்டுக்காரரும் ஆட்டினார். அப்பாடா, ஊர் என்ன நினைத்தால் என்ன, நம் ஆட்களுக்காவது புரிந்ததே என்று எனக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

என் வீட்டுக்காரர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். உதடு வெடித்திருந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"தாட்சாயிணி, யாராண்டயும் சொல்ல மாட்டேன். நெசத்தச் சொல்லு. எவன் துன்னான்?"

"எவனும் துன்னலய்யா. டிவிக்காரன்தான் துன்னான்."

"நீ படுதாவுக்குப் பின்னால இருந்த. நான் கண்ண மூடிகினு இங்க கெடந்தேன். எனக்கு இன்னா தெர்யும்? லட்சுமணனா?"

"இப்பத்தானேய்யா அண்ணன் சொன்னாரு, டிவியே அவங்களுதுன்னு. நீயும் தலைய ஆட்னியே!"

"அவங்களுதுதான். நான் இல்லேன்னா சொன்னேன்?" அவருக்கு மூச்சு வாங்கியது. "ஆனா காட்னானே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன். ஒரு பொய் சொன்னேனா? என் வாயை விட அந்தப் பெட்டி பெரிதாகிவிட்டதா? வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பந்தலின் அந்தக் கோடியில் லட்சுமணன் படுத்திருந்தார். குப்பம்மா அவர் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்திருந்தாள். திடீரென்று நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"இல்லய்யா," என்றாள் அவள் தன் புருஷனிடம், எல்லோருக்கும் கேட்கும்படி. "எம்புள்ள மேல சத்தியமா சொல்றேன்யா, துலுக்கானம் அண்ணன் துன்னலய்யா."