சுவரைப் பார்த்துக் குடித்தவன்

பியோ சாங்ஹுன் சோஜு மதுக் கோப்பையை ஒரே மடக்கில் காலி செய்து மேசைமேல் வைத்தான். எதிரில் உட்கார்ந்திருந்த கர்னல் மா யோன்சுக் அவன் முகத்தைப் பார்த்தாள். முழு முகமும் தெரிந்தது.

கொரியாவில் தன்னைவிட மேலானவர் எதிரில் இருந்தால் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் குடிக்க வேண்டும். அப்பன் முன்னால் வீட்டில் பழகியது, ராணுவத்தில் எலும்பிலேயே ஊறிவிடும். சாங்ஹுன் அவளுக்குக் கீழே லெப்டினன்டாக வந்த நாளிலிருந்து இதே கடையில், இதே மேசையில், சுவரைப் பார்த்துத்தான் குடித்திருக்கிறான். கடைக்காரி போங் அம்மாள்கூடக் கேலி பேசுவாள். "ஏன்டாப்பா, அந்தச் சுவத்துல என்ன உன் பொண்டாட்டி படமா மாட்டியிருக்கு?" என்பாள்.

இன்றைக்கு அவன் சுவரைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதே அவனுக்குத் தெரியவில்லை. பாவி, வாய் மறைத்ததை உடம்பு சொல்லிவிட்டது.

பதவி உயர்வுப் பட்டியல் மறுநாள் காலை வருகிறது. பொறியாளர் படைக்கு இந்த வருஷம் ஒரே ஒரு நட்சத்திரம். கிடைத்தால் அவள் ஜெனரல். கிடைக்காவிட்டால் வயது தாண்டிவிடும், சீருடையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சாங்ஹுனும் இப்போது கர்னல். ஆனால் அவனுக்கு இன்னும் நாள் இருக்கிறது, இந்த வருஷம் தன் பெயர் சும்மா ஒப்புக்கு என்று அவனே சொல்லியிருந்தான்.

போங் அம்மாள் பன்றிக்கறித் தட்டைக் கொண்டுவந்து அடுப்புக் கம்பிமேல் துண்டுகளைப் பரப்பினாள். "நாளைக்கு ஜெனரலாமே! இனிமே எங்க கறியெல்லாம் தொண்டையில எறங்குமா?"

"எறங்கும் எறங்கும். நீ கொஞ்சம் கொழுப்பு கொறச்சுப் போட்டா இன்னும் நல்லா எறங்கும்" என்றாள் யோன்சுக்.

சாங்ஹுன் சிரிக்கவில்லை. கறியைப் புரட்டினான்.

அவள் இந்தப் படைக்கு வந்த முதல் நாள், தளபதி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காபி போடத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும் சார். பாலமும் போடத் தெரியும்" என்றாள். அந்த வாய்த்துடுக்குக்கு இரண்டு குளிர்காலம் முழுக்கச் சேற்றில் நிறுத்தினார்கள். நின்றாள். மிதவைப் பாலத்தின் ஒவ்வொரு கொக்கியையும் இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லும் அளவுக்கு நின்றாள். மகள் காய்ச்சலில் கிடந்தபோதும் ஆற்றங்கரையில்தான் இருந்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது பள்ளி ஆசிரியரான புருஷன். "உன் நட்சத்திரம் வந்தா அதை வச்சுச் சோறு வடிக்கவா முடியும்?" என்று கிண்டல் செய்கிற அதே மனுஷன், ஜெனரல்களுக்குத் தரப்படும் வாளை வைப்பதற்காக இந்த வாரம் கூடத்து அலமாரியில் தன் புத்தகங்களை எடுத்துவிட்டு ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருந்தார். துடைத்தும் வைத்திருந்தார்.

யோன்சுக் பாட்டிலை எடுத்து அவன் கோப்பையில் ஊற்றினாள். அவன் ஒற்றைக் கையால் வாங்கிக்கொண்டான்.

"நட்சத்திரம் உனக்கா?" என்று கேட்டாள்.

இடுக்கி அவன் கையில் அப்படியே நின்றது. "அக்கா..."

"எப்போ தெரியும்?"

"சாயங்காலம் போன் வந்துச்சு. நானே உங்ககிட்ட சொல்லணும்னுதான் வரச் சொன்னேன். வாயே வரல."

ஆண்டவனே என்று இருந்தது அவளுக்கு. தோற்றதுகூடப் பெரிதில்லை, இந்தப் பயல் வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே!

"தேர்வுக் குழுவுல ஆத்து விஷயத்தைக் கேட்டிருப்பாங்களே. நீ என்ன சொன்னே?"

ஆற்று விஷயம் ஆறு வருஷத்துக்கு முந்தையது. பயிற்சியின்போது இம்ஜின் ஆற்றில் மிதவைப் பாலம் போட்டிருந்தார்கள். மேலே வடக்கில் மழை, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வண்டியை இறக்காதே என்று யோன்சுக் ரேடியோவில் தெளிவாகச் சொன்னாள். அப்போது சாங்ஹுன் பட்டாலியன் தளபதி. கரையில் பெரிய அதிகாரிகள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அவர்கள் முன்னால் நிறுத்தினால் மானம் போகும் என்று லாரியை இறக்கிவிட்டான். பாலம் நடுவில் அறுந்தது. கில் ஹாபின் என்ற சிப்பாயின் இடது கால் மிதவைகளுக்கு நடுவே நசுங்கிப் போயிற்று.

அன்று சாயங்காலம் அவள் கூடாரத்துக்கு வந்து காலைக் கட்டிக்கொண்டு அழுதான் சாங்ஹுன். மனைவி வயிற்றில் இரண்டாவது பிள்ளை. வேலை போனால் தெருவில்தான் நிற்க வேண்டும். "உங்க பேரு ஜெனரல் தேர்வுக்கு வர்றப்போ நானே போய் உண்மையைச் சொல்லிடறேன் அக்கா. சத்தியம்" என்றான். மேலதிகாரி என்ற முறையில் உத்தரவு என்னுடையது என்று யோன்சுக் விசாரணையில் சொல்லிவிட்டாள். கண்டனம் வாங்கினாள். கூடப்பிறந்த தம்பியாக இருந்தால் செய்யமாட்டோமா என்று நினைத்துக்கொண்டாள், பைத்தியக்காரி.

அதோடு விட்டாளா? இல்லை. ஒவ்வொரு அறுவடைத் திருநாளுக்கும் ஒரு பெட்டி பேரிக்காயோடு ஹாபினின் செல்போன் கடைக்குப் போய் நிற்பாள். முதல் தடவை போனபோது அவன் கேட்டான், யார் இறங்கச் சொன்னது என்று. நான்தான் என்றாள். அவன் கட்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே, "டீ குடிக்கிறீங்களா கர்னலம்மா?" என்றான்.

"சொல்லு. என்ன சொன்னே?"

"நான் ஒண்ணுமே சொல்லல அக்கா." சாங்ஹுன் குரலைத் தாழ்த்தினான். "சம்பந்தப்பட்டவனையே கேட்டுக்கங்கன்னு ஹாபின் விலாசத்தைக் குடுத்தேன். அவ்வளவுதான்."

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது கறியைச் சுற்றித் தின்னக் கையில் எடுத்திருந்த கீரையிலை தட்டில் விழுந்தது.

"ஹாபின் என்ன சொன்னானாம்?"

"உங்களை ஒரு வார்த்தை கொறச்சுச் சொல்லலையாம். தங்கமான மனுஷி, வருஷா வருஷம் பேரிக்காய் கொண்டுவந்து குடுத்து மன்னிப்புக் கேப்பாங்க, நான்தான் உன்னை ஆத்துல எறக்கினேன்னு அவங்க வாயாலேயே சொன்னாங்கன்னு சொல்லியிருக்கான்."

"சத்தியம் பண்ணினியேடா!"

"நான் பொய் சொன்னேனா அக்கா? நீங்க சொன்னதைத்தான் அவன் சொன்னான்." இப்போது அவன் குரலில் கொஞ்சம் எரிச்சல் ஏறியது. "எத்தனை வருஷம் உங்க பின்னாடியே நிக்கறது? பொறியாளர் படையிலயே எல்லாரும், மா கர்னலோட ஆளுன்னுதான் என்னைச் சொல்றாங்க. எனக்குன்னு ஒரு பேரு வேணாமா?"

"என் பேரைத்தான் எடுத்துக்கணுமா?"

கறி ஒரு பக்கம் கருகியது. போங் அம்மாள் தூரத்திலிருந்து, "புரட்டுங்க, புரட்டுங்க, கரியாப் போகுது" என்று கத்தினாள்.

யோன்சுக்குக்கு எழுந்து அவன் கன்னத்தில் நாலு வைக்க வேண்டும் போல இருந்தது. நாளைக் காலையிலேயே தலைமையகத்துக்குப் போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம். அவள் மனதில் ஓடியதை அவன் படித்துவிட்டான். இத்தனை வருஷம் கூட இருந்தவன் அல்லவா?

"இப்போ போய்ச் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க அக்கா" என்றான் மெதுவாக. "பட்டியல்ல பேரு வரல, அதான் வயித்தெரிச்சல்னு சொல்லுவாங்க. ஹாபினுக்கும் உங்கமேல இருக்கற மரியாதை போயிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவன் சொன்னது உண்மை. அந்த உண்மைதான் அவளை அறுத்தது. பூட்டை அவளே பூட்டி, சாவியை அவன் கையில் கொடுத்திருந்தாள். பேரிக்காயோடு கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். அலமாரியில் துடைத்து வைத்த அந்த வெற்றுத் தட்டு கண்முன்னால் வந்தது. அந்த மனுஷன் புத்தகங்களைத் திரும்ப அடுக்கும்போது ஒன்றும் கேட்கமாட்டார்.

சாங்ஹுன் பாட்டிலை எடுத்தான். ஒரு கையால்தான். அவளுக்கு ஊற்றினான். "ஒண்ணே ஒண்ணு குடிங்க அக்கா. எனக்காக."

இவன் முன்னால் அழுவதா? ஜென்மத்துக்கும் முடியாது.

யோன்சுக் கோப்பையை இரண்டு கைகளாலும் எடுத்தாள். முதுகை நிமிர்த்தினாள். "வாழ்த்துகள், ஜெனரல்" என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கமாக நன்றாகத் திருப்பிக்கொண்டு குடித்தாள். குடித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாங்ஹுன் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டான். "அய்யோ, எதுக்கு அக்கா இதெல்லாம், நமக்குள்ள" என்றான், முகமெல்லாம் மலர்ந்து.