தலைமைப் பண்புக்கு ஒரு சாட்சி

மருந்துக் கிடங்கில் எனக்குப் பதினெட்டு வருஷ சூப்பர்வைசர் வேலை. மேனேஜர் நாற்காலி காலியானதும், "எம்.பி.ஏ. இருந்தால்தான்" என்றது நிர்வாகம். சேர்க்கைக் கடிதத்தைக் காட்டினால்கூடப் போதுமாம், நாற்காலி எனக்குத்தான். அதனால்தான் நாற்பத்தைந்து வயதில் கழுத்தில் பெயர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு ஹோட்டல் ஹாலில், கல்லூரி நடத்திய சேர்க்கைக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மனைவியின் தம்பி. இந்தக் கூட்டங்களைக் கரைத்துக் குடித்தவன்.

"சும்மா உக்காராதீங்க மாமா. எதையாவது கேளுங்க. கேக்கிறவங்க பேரைக் குறிச்சுக்கிறாங்க."

"என்னத்தைடா கேக்கிறது?"

"அவங்களுக்குப் பதில் தெரிஞ்சதாப் பாத்துக் கேளுங்க."

முன்வரிசையில் ஒருவர் எழுந்து, இந்தக் கல்லூரியின் தொலைநோக்கு தன்னைத் தூங்கவிடவில்லை என்றார். சேர்க்கை அதிகாரியான அம்மாள் குறித்துக்கொண்டார். எனக்கென்னவோ அந்த முன்வரிசைக்காரரை டாக்டரிடம் அனுப்புவதே நல்லது என்று தோன்றியது.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை தரவேண்டும்: நெருக்கடியில் நீங்கள் தலைமை தாங்கிய அனுபவம். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. கிடங்கில் மழைத்தண்ணீர் புகுந்த ஒரு மத்தியானம், மேலதிகாரிகள் யாரும் போனை எடுக்காதபோது, ஆறு பேரை வைத்துக்கொண்டு இன்சுலின் பெட்டிகளை மாடிக்கு ஏற்றினேன். ஒரு பெட்டிகூட நனையவில்லை.

பழைய மாணவர் ஒருவர் மேடையேறினார். எங்கோ பார்த்த முகம்.

"அன்னிக்குத் தண்ணி முழங்கால் வரைக்கும்," என்று ஆரம்பித்தார். "மேலிடத்துல யாரும் போன் எடுக்கல. என்கிட்ட இருந்தது ஆறே பேர்."

இப்போது ஆளைத் தெரிந்துவிட்டது. எங்களிடம் இரண்டு மாதம் பயிற்சிக்கு வந்திருந்த ஆள். தண்ணீர் வந்ததும் மேஜைமேல் ஏறி நின்று போட்டோ எடுத்ததுதான் அவர் ஆற்றிய பணி. அந்தப் போட்டோவே இப்போது திரையில். இடது மூலையில் நான், தோளில் பெட்டி, முகம் தெரியவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் அதிகாரி அம்மாளிடம் போய் என் கதையைச் சொன்னேன். அவர் கனிவாகச் சிரித்தார்.

"அவர் பேச்சு உங்களை ரொம்பப் பாதிச்சிருக்கு. ஆனா சொந்த அனுபவத்தை எழுதுங்க சார். காப்பின்னு தெரிஞ்சா தள்ளிடுவோம்."

மச்சினன் என்னை ஓரமாக இழுத்தான். "அவர்கிட்டயே போங்க. பழைய மாணவர் சிபாரிசு இருந்தா கட்டுரையை யாரும் நோண்ட மாட்டாங்க."

"திருட்டுப்பயடா அவன்."

"இருக்கட்டும் மாமா. நாற்காலி வேணுமா, வேண்டாமா?"

அவரைச் சுற்றிப் பதினைந்து பேர். தும்மினாலும் நிர்வாகத் தத்துவம் தெறிக்கும் என்று காத்திருந்தார்கள். இடித்துக்கொண்டு உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் கறுக்கும் என்று நினைத்தேன். மலர்ந்தது.

"அட, அண்ணே! அன்னிக்கு நீங்களும் இருந்தீங்கல்ல? சிபாரிசு கேக்கத்தானே வந்தீங்க? தாராளமா. என் தலைமையில நல்லா ஒத்துழைச்சீங்கன்னு எழுதிடறேன்."

சுற்றி நின்றவர்கள் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். துப்பத் தோதாக வாயில் எச்சில் ஊறியிருந்தது. விழுங்கினேன்.

"ரொம்ப நன்றி சார்," என்றேன். "அந்த ஒத்துழைப்பை மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதுங்க."