ஆடி மாதத்தில் மாதேரான்

என் வாழ்க்கையில் நான் போன பயணமெல்லாம் சாவுக்கும் கல்யாணத்துக்கும்தான். அதனால் ஆடி மாதம் லீவு போட்டுவிட்டுத் தனியாக மலைக்குப் போகப்போகிறேன் என்று சொன்னபோது தாராவியில் எங்கள் சந்தில் ஒருவரும் நம்பவில்லை.

"யாருக்குவே என்ன ஆச்சு?" என்றார் பிரம்மநாயகம். தோல் பதனிடும் ஷாப்பில் எனக்குப் பக்கத்துத் தொட்டிக்காரர். பேச்சில் மட்டும் கவர்னர்.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. சும்மா போறேன்."

"சும்மாவா? சும்மா போவ தொரைமாருக்குத்தாம்வே முடியும். நீரு கோமதிநாயகம்வே, ஒரு நாளு சும்மா இருந்தா மறுநாளு காய்ச்சல்ல கெடப்பீரு."

டீக்கடையில் எல்லாரும் சிரித்தார்கள். காற்று வாங்கணும் என்றால் ஜுஹுவுக்குப் போ, காசும் மிச்சம் என்றார் ஒருவர். கண்டாலா நல்லது, ரயிலை விட்டு இறங்காமலே மலை பார்க்கலாம் என்றார் இன்னொருவர். நான் மாதேரான் என்றேன். பிரம்மநாயகம் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இடம் சரி. மாசம் தப்பு. கார்த்திகையில போவும். மழை நின்னு வானத்தக் கழுவி விட்டாப்புல இருக்கும். இப்ப போனீருன்னா உம்ம மூக்கு உமக்கே தெரியாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கார்த்திகை வரைக்கும் எனக்குத் தாங்காது. அதை அவரிடம் சொல்ல முடியாது.

தோல் ஊறுகிற தொட்டியிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்து என் இடது கண்ணில் பூ விழுந்து ரொம்ப வருஷம் ஆயிற்று. அதோடு வாழப் பழகியாகிவிட்டது. இப்போது வலது கண்ணும் ஆரம்பித்திருந்தது. கையருகே இருப்பது தெரியும். கத்தியின் விளிம்பு தெரியும், மூக்கோடு ஒட்டிப் பிடித்தால் எழுத்து தெரியும். தூரம்தான் வெளுத்துக்கொண்டே வந்தது. மழைக்காலம் முடியும்போது இன்னும் மங்கும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். மருந்து என்று ஒன்றும் எழுதவில்லை. தோல் சீவுகிறவனுக்குக் கண் போனது தெரிந்தால் வேலை அன்றைக்கே போய்விடும். முதலாளி ரஹ்மத்துல்லா நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷரும் குருடன் கையில் கத்தி கொடுக்கமாட்டார். பெண்டாட்டியிடம்கூட நான் மூச்சு விடவில்லை.

தனியாகப் போக நினைத்ததும் அதனால்தான். கூட ஆள் வந்தால், அங்க பாரும், இங்க பாரும் என்று கையை நீட்டுவார்கள். தெரிகிற மாதிரி நடிக்க வேண்டும். எத்தனை தடவை நடிப்பது?

எங்கள் சந்தில் நிமிர்ந்து பார்த்தால் எதிர் வீட்டுத் தகரம். ஷாப்பில் நிமிர்ந்தால் சுவர், குனிந்தால் தொட்டி. தூரம் என்ற ஒன்று எனக்கு வாய்த்ததே இல்லை. அது போவதற்குள் ஒரே ஒரு தடவை உயரத்தில் நின்று, கண் எட்டும் மட்டும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும்தான்.

மழையில் தோல் காயாது, வேலை மந்தம், லீவு கேட்டால் உடனே கிடைக்கும். அது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. எனக்கு ஊர் கடையநல்லூர்ப் பக்கம். அங்கே ஆடி என்றால் சாரல். கொஞ்சம் தூறும், கொஞ்சம் வெயில் அடிக்கும், மலை குளித்துவிட்டு வந்த மாதிரி பக்கத்தில் நிற்கும். அதே மலைத்தொடர்தான் பம்பாய் வரைக்கும் வருகிறது என்று ராத்திரிப் பள்ளியில் படம் காட்டிச் சொன்னார்கள். ஒரே மலை, ஒரே ஆடி என்று எண்ணிக்கொண்டேன். எங்கள் ஊர் மலைக்கு முதுகுப்பக்கம், பம்பாய் அதன் முகத்துப்பக்கம் என்பது எனக்கு ஓடவில்லை. கடலிலிருந்து வருகிற அடியை எல்லாம் இங்கே வாங்கிக்கொண்டு, மிச்சத் துளியைத்தான் எங்களுக்கு விடுகிறது அந்த மலை.

வீட்டில் என் பெண்டாட்டி செண்பகவல்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தனியாவா போறிய? எவ அவ?"

"மாதேரான்."

"பேரப் பாரு. மராட்டிக்காரியா?"

"ஏளா, அது மலை."

"மலையோ மடுவோ, நனைஞ்சிட்டு வந்து இருமுனியன்னா நான் பக்கத்துல வரமாட்டேன், சொல்லிட்டேன்." ஆனாலும் இட்லிக்குப் பொடி தடவி இலையில் கட்டித் தந்தாள்.

தாதரில் கர்ஜத் வண்டி பிடித்து மலையடிவாரத்தில் நேரலில் இறங்கினேன். மழை பெய்யவில்லை, கொட்டியது. மலைக்குப் போகிற சின்ன ரயில் எங்கே நிற்கும் என்று டீக்கடையில் கேட்டேன். கடைக்காரர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மழைக்காலத்தில் அது ஓடாது, மழை விட்ட பிறகு வா என்றார். மேலே ஓட்டல்களும் சாத்தியிருக்கும், இந்த மாசத்தில் எவன் வருவான் என்று கேட்டார்.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் மறுபடி எப்போது? தண்டவாளத்தைப் பிடித்து நடந்தேன். தண்டவாளம் கையருகே இருக்கிற பொருள், அது எனக்குத் தெரியும். பல இடத்தில் ஓடை அதன்மேல் ஏறி ஓடியது. ஒரு வளைவில் கால் வழுக்கி, முழங்காலில் நல்ல அடி. குடை காற்றோடு போயிற்று. வெள்ளை, எங்கே திரும்பினாலும் வெள்ளை. இது மேகம்தான், என் கண் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறினேன். சொல்லச் சொல்லத் தெம்பாகவும் இருந்தது. இந்த மழையில் நல்ல கண்காரனுக்கும் இதுதானே தெரியும்?

பின்னால் ஒரு பால்காரர் வந்தார். மலைமேல் மாடு வைத்திருக்கிற மராட்டி ஆள். கீழே பால் ஊற்றிவிட்டுக் காலி கேன்களோடு திரும்புகிறார். சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலைமேல் போட்டிருந்தார்.

"அகேலா?" என்றார், தனியாகவா என்று.

"ஹாங், அகேலா."

"பாகல்," என்று சிரித்தார். பைத்தியம் என்று திட்டினாரே தவிர, அதற்கப்புறம் என்னை விட்டு முன்னே போகவில்லை.

வெகுநேரம் நடந்தபின் பாறை விளிம்பு மாதிரி ஓரிடத்தில் நின்றோம். எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. இலையைப் பிரித்தேன். இட்லி ஊறிக் கூழாகியிருந்தது. ஆளுக்குப் பாதி தின்றோம். மழை மெல்லக் குறைந்து நின்றது. தோளில் இளஞ்சூடு விழுந்தது. பால்காரர் துள்ளி எழுந்து என் முதுகில் தட்டினார்.

"தேக்கோ, தேக்கோ! கியா நசீப் ஹை துமாரா!" பார், பார், உனக்கு என்ன அதிர்ஷ்டம் என்றார்.

பார்த்தேன். காலடியில் புல். புல்நுனியில் துளி. அவருடைய கேன், அதன் மூடியில் ஒரு நெளிசல். அதற்கு அப்பால் வெள்ளை.

"மேகம் போயிட்டுதா?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

அது போய் எத்தனை நேரமாச்சு என்றார் அவர். எதிர்மலையில் இரண்டு அருவி விழுகிறது என்றார், கீழே ஓட்டு வீடுகள், பச்சை வயல், வயலில் நாற்று நடுகிற பெண்கள், அதோ ஒரு ரயில் போகிறது என்றார். அங்கே, அங்கே என்று கை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். நடிக்க வேண்டாம் என்றுதான் இத்தனை தூரம் தனியாக வந்திருந்தேன். அருவியின் இரைச்சல் மட்டும் கேட்டது. எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அச்சா ஹை?" என்றார், நன்றாக இருக்கிறதா என்று.

"பகுத் அச்சா," என்றேன்.

மறுபடி மேகம் மூடியதை அவர் அலுத்துக்கொண்டதில்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் டீக்கடையில் பிரம்மநாயகம் என் முழங்காலில் துணி சுற்றியிருந்ததைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"என்னவே, பாத்தீரா மலைய?"

"எங்க பாக்க? ஒரே மேகம்."

"நான் சொன்னேனா இல்லியா! சீசன் தெரியாம மலை ஏறுன மொத ஆளு இவருதான்வே." கடை முழுக்கச் சிரிப்பு. "கார்த்திகையில நானே கூட்டிட்டுப் போறேன், வாரும். ஒரு ஊசி கெடந்தாலும் அங்கேருந்து தெரியும்."

"ஆமா, சீசன் தப்பு," என்றேன்.

சாயங்காலம் அதை அவர் செண்பகவல்லியிடமும் சொல்லியிருக்கிறார். அவள் முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "கார்த்திகைக்கு நானும் வாரேன். எல்லாரும் மலை மலைங்கறிய. நீங்க எனக்கு ஒவ்வொண்ணா காட்டித் தரணும்," என்றாள்.

பற்று சுட்டது. "கொஞ்சம் ஆறவச்சுப் போடு," என்றேன்.