ஒழுகும் கார்டுகள்

எந்த வீட்டுக் குழாய் அடைத்துக்கொண்டாலும் அந்தத் தெருவில் இந்தப் பிளம்பரைத்தான் கூப்பிடுவார்கள். அடைப்பை எடுப்பதில் ஆள் கில்லாடி. சொந்த வீட்டிலோ மூன்று கிரெடிட் கார்டு கடனை அடைக்க முடியாமல் முழி பிதுங்கிக்கொண்டிருந்தார். எதன் மனமும் நோகக் கூடாது என்பதுபோல, மாதாமாதம் மூன்றுக்கும் சமமாகப் பங்கு போட்டுக் கட்டுவார். கடன் இருந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

பில்களைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள். "ஏங்க, ஒரு வீட்ல மூணு குழாய் ஒழுகுனா எதை முதல்ல அடைப்பீங்க?"

"எது ரொம்ப ஒழுகுதோ அதைத்தான். இதுகூடவா தெரியாது?"

"அப்ப வட்டி அதிகமா ஒழுகுற கார்டை முதல்ல அடைங்க. மத்த ரெண்டுக்கும் மினிமம் மட்டும் கட்டிட்டு, மிச்சத்தையெல்லாம் இதுல போடுங்க."

கணக்கு சரிதான். ஆனாலும் தன் தொழிலை வைத்துத் தனக்கே பாடமா என்று பிளம்பருக்குச் சுருக்கென்றது. "எதை அடைக்கிறதா இருந்தாலும் முதல்ல மெயின் வால்வை மூடணும். அது தெரியுமா உனக்கு?" என்றார் கெத்தாக.

"தெரியுமே," என்று அவள் கையை நீட்டினாள். "போன வாரம் டிரில்லிங் மிஷின் வாங்குன கார்டையும் சேர்த்து, மூணையும் எடுங்க."

பிளம்பர் பர்ஸைத் திறந்து, மூன்று கார்டையும் அவள் கையில் வைத்து மெயின் வால்வை மூடினார்.