காலஞ்சென்ற கணவர்

தாசம்மாள் தையல் டீச்சராக இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. புருஷன் ஞானசிகாமணி போனக்காடு எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்து, சயரோகத்தோடு திரும்பி வந்தவன். தம்பானூர்ப் பக்கம் அவனுடைய அக்காள் ரத்னாபாய் வீட்டில் இருவரும் ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கன்னியோ கைம்பெண்ணோதான் மனுப் போடலாம், விடுதியிலேயே தங்கவேண்டும் என்று விதி. அந்த விதியை எழுதிய புண்ணியவானுக்கு, புருஷன் உள்ளவளுக்கும் பசிக்கும் என்பது தெரியாது போலிருக்கிறது.

தாசம்மாள் எழுதிய மனுவைப் படித்து ஞானசிகாமணி சிரித்தான்.

"தையல் தெரியும், பாட்டு தெரியும்... ஆஸ்பத்திரில கெடக்க தீனக்காரனுக்கு இது என்னத்துக்கு? பேனாவத் தா."

எஸ்டேட் துரைக்காக இங்கிலீஷில் எழுதித் தள்ளிய கை அது. நோயாளிக்கு உடம்பு துடைப்பாள், நேரம் தவறாமல் மருந்து கொடுப்பாள், இரத்தத்தைக் கண்டு பயப்படமாட்டாள் என்று எழுதினான். அத்தனையும் உண்மை. அத்தனையும் அவனை வைத்துப் பழகியதுதான். எங்கே பழகினாள் என்று கேட்பார்களே, அதற்கும் ஒரு வரி சேர்த்தான்: காலஞ்சென்ற கணவரை நெடுநாள் பராமரித்தவள்.

தாசம்மாள் பேனாவைப் பிடுங்கினாள். "இது எழுதப்பிடாது. நீங்க இருக்கியளே!"

"எழுதினா உடனே செத்தா போவேன்? நீ பட்டினி கெடக்காண்டாம், கேட்டியா."

"கெடந்தா ரெண்டு பேருமா கெடப்போம்."

"எனக்குக் கொஞ்ச நாளாக்கும். உனக்கு?"

அவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். தாலியை அவனேதான் கழற்றினான். அவள் வாய்விட்டு அழுதாள்.

வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஞானசிகாமணி விடுதி வாசலுக்கு வருவான். காவல்காரன் யாரென்று கேட்டால் அண்ணன் என்பான். இருவரும் எட்ட நின்று, சாப்பிட்டாயா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். பாவம், கல்யாணத்துக்கு முன்புகூட அவர்கள் அவ்வளவு தள்ளி நின்றதில்லை.

மழை பிடித்ததும் அவன் வரவு நின்றது. ஒரு நாள் காலையில் ரத்னாபாய் ஆளனுப்பினாள். உயிர் போய்விட்டது.

லீவு கேட்டுப் பெரிய நர்ஸின் முன்னால் நின்றாள் தாசம்மாள். யார் இறந்தது என்று கேட்டார்கள். புருஷன் என்றால் வேலை போய்விடும். செத்தவன் அதற்காகத்தானே உயிரோடு இருக்கும்போதே செத்தான்?

"அண்ணன்," என்றாள்.

அண்ணனுக்கு அரை நாள் கொடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து நேரே வந்து, வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தாள். மருந்துக் கிண்ணத்தை எடுத்ததும் அழுகை வந்துவிட்டது. கூட வேலை பார்க்கும் சுசீலாபாய் அதை வாங்கி வைத்துவிட்டு அவளை அணைத்துக்கொண்டாள்.

"அழாத பிள்ள. கெட்டின மாப்பிள செத்ததயே தாங்கினவளாக்கும் நீ. அண்ணன் செத்ததயா தாங்கமாட்ட?"

தாசம்மாள் ஆமாம் என்று தலையாட்டினாள்.