விரித்த குடை

"பின்வழியாவே கொண்டுபோயிடலாம்மா" என்று எஸ்டேட் குமாஸ்தா ஐயாசாமி கிராணி மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, வெள்ளையம்மா அப்பாவின் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பின்வழி?"

"ரப்பர் மரத்துக்குள்ள பூந்து போறதுதான். இடுகாடு எஸ்டேட்டுக்குள்ள இருக்கு. பங்களா ரோட்டுல போனா, இந்நேரத்துக்குப் பெரிய தொர மோட்டார் காடி எதுத்தாப்புல வரும். மழ வேற கொட்டுது. தொரயப் பாத்தா கொடய மடக்கணும். பொணத்துக்குப் புடிச்ச கொடய எப்புடிம்மா மடக்குறது?"

எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சட்டம் அது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும், குடையை மடக்க வேண்டும், மழையானாலும் சரி. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே எஸ்டேட்டில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த அப்பா வீரமுத்து ஒரு நாள் மடக்கவில்லை. மறுநாளே எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். போங்கடா என்று பக்கத்து ஊரான பெக்கான் நானாஸில் சாயாக்கடை போட்டார். அந்தக் கடை பெஞ்சில்தான் இந்தியர் சங்கம் பிறந்தது. பள்ளிக்கூடம் வந்தது, கள்ளுக்கடை ஒழிந்தது. தலைவர் என்றால் ஊரில் அவர் ஒருவர்தான். மனுஷருக்கு இங்கிலீஷில் தெரிந்ததெல்லாம் 'குட் மார்னிங்' மட்டுமே!

இப்போது ராஜாங்க சபையில் இந்தியருக்கு ஓர் இடம் என்று பேச்சு. ஜொகூர் சமஸ்தானத்துச் சங்கங்கள் ஓட்டுப் போட்டு ஒரு பெயரை அனுப்ப வேண்டும். பெயர் கொடுக்கச் சொல்லிக் காகிதம் வந்து ஒரு வாரமாகிறது. நேற்றுக் காலை அதைக் கையில் வைத்துக்கொண்டு மகளிடம் கேட்டார்.

"வெள்ள, பேரு குடுக்கட்டுமா? அங்க எல்லாம் கோட்டு போட்ட ஆளுங்க. நா வேட்டியக் கட்டிக்கிட்டுப் போயி கொடயப் பத்திப் பேசுனா சிரிக்க மாட்டானுங்க?"

"மொதல்ல குளிங்கப்பா. வெந்நி ஆறுது."

பயம்தான். அப்பாவைப் பார்த்து எவனாவது சிரித்தால் அவளால் தாங்க முடியாது. துண்டை எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் நாற்காலியிலேயே தலை சாய்ந்திருந்தது. ஒரு பதில் சொல்லவில்லையே பாவி என்று நேற்றிலிருந்து தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

"பங்களா ரோட்டுலயே போவட்டும்" என்றாள் கிராணியிடம்.

கொள்ளிச்சட்டியோடு அவள் புருஷன் மணியம் முன்னால் நடக்க, பாடை கிளம்பியது. அப்பாவின் பழைய கறுப்புக் குடையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தபடி வெள்ளையம்மா பக்கத்திலேயே நடந்தாள். பங்களா ரோடு பிரியும் முச்சந்தியில் பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் பெண்கள் போகும் வழக்கமில்லை. சங்கத்துச் செயலாளர் சதாசிவம் கையை நீட்டினார்.

"கொடய எங்கிட்ட குடு தங்கச்சி. நீ வீட்டுக்குப் போ."

"நீங்க மடக்கிருவீங்கண்ணே."

சதாசிவம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். போன வாரம்கூட மடக்கியவர்தான். அவள் விறுவிறுவென்று பாடையோடு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

பங்களா வளைவில் காடி வந்தது. பின்னால் ஒவ்வொரு குடையாக மடங்கும் சத்தம் கேட்டது. பழகிய கை, சொன்னால் கேட்கிறதா? காடி பாடைக்கு நாலடி முன்னால் வந்து நின்றது. தூக்கியவர்கள் பாடையை ரோட்டிலேயே இறக்கி வைத்தார்கள். கண்ணாடியில் மழைநீரைத் துடைக்கும் குச்சி இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே துரையின் முகம் தெரியவில்லை. அவள் குடைக்காம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அப்பாவுக்கு இருந்த திமிர் தனக்கும் இருக்கிறது என்று தெரிந்தபோது, அழுகைக்கு நடுவிலும் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

குனிந்து அவர் காதருகே சொன்னாள்.

"குடுங்கப்பா. பேரக் குடுங்க. எவன் சிரிக்கிறான்னு நா பாத்துக்கிறேன்."

காடி நகரவில்லை. பாடை தூக்கியவர்களும் நகரவில்லை. அப்போது பின்னால் டப்பென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தாள். ஐயாசாமி கிராணி குடையை விரித்திருந்தார். நாளைக்கே சீட்டுக் கிழியும் என்று தெரிந்த முகம். ஆனாலும் குடை நேராக நின்றது. அடுத்து சதாசிவம் விரித்தார். அப்புறம் யார் யார் என்று அவளால் எண்ண முடியவில்லை. ரோடு முழுக்கக் குடைகள்.

காடி பின்னுக்குப் போய், ஓரத்துப் புல்லில் இறங்கி வழிவிட்டது.

"தூக்குங்கப்பா, போலாம்" என்றான் மணியம்.

மழை வலுத்தது. வெள்ளையம்மாவின் முதுகும் சேலையும் தொப்பலாக நனைந்துவிட்டன. வீரமுத்துவின் நெற்றியில் பூசிய திருநீறு இடுகாடு வரைக்கும் கலையவில்லை.