கரும்புக்காட்டு ஓஸ்

எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

தேனி பஜாரில் பழைய மிஷின்களை வாங்கி விற்கும் சுந்தர்ராஜின் கடை வாசலில், வீரணன் அதை ஐந்து நிமிஷம் ஓடவிட்டுக் காதைக் கொடுத்தான். பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தான். பம்பில் கசிவு உண்டா என்று விரலால் தடவினான். மருந்து அடிக்கிற பவர் ஸ்பிரேயர். 1987-ல் வாங்கியது, பதினாறு வருஷம் உழைத்திருக்கிறது. பெயிண்ட் போயிருந்ததே தவிர, உள்ளே கோளாறு எதுவும் இல்லை.

"எதிர்க்கடையில புதுசு நிக்கிது. வெல இதுக்கு மூணு மடங்கு, பாதி பிளாஸ்டிக்கு" என்றார் சுந்தர்ராஜ்.

"பாத்தேன் அண்ணாச்சி. ஒரு மழையில நனைஞ்சா காய்ச்சல் வந்து படுத்துக்கிரும்போல."

சுந்தர்ராஜ் சிரித்துவிட்டார். "நூறு மீட்டர் ஓஸும் டிரம்மும் சும்மா தாரேன், எடுத்துக்கங்க. ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கரும்புக்காரர் வச்சிருந்தது."

கரும்பு என்றதும் வீரணனின் கை ஒரு கணம் நின்றது. அவனுடைய ஊரான சுருளிப்பட்டியில் அவனைப்போலத் திராட்சைப் பந்தல் போட்ட எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. கரும்புக்குக் களைக்கொல்லி அடிப்பார்கள். களைக்கொல்லி பட்ட பாத்திரம் எதையும் திராட்சைத் தோட்டத்துக்குள் கொண்டுவர மாட்டார்கள். மிச்சம் ஒரு சொட்டு போதும், கொடி சுருண்டுவிடும்.

ஓஸ் குழாயின் வாயை முகர்ந்தான். லேசாக ஒரு நெடி. புது ஓஸ் வாங்கினால் பழசு வாங்கிய லாபத்தில் பாதி போய்விடும். கழுவினால் தீர்ந்தது என்று வண்டியில் ஏற்றினான்.

வீட்டில் மனைவி சொர்ணலதா மிஷினைச் சுற்றி வந்தாள்.

"இதுல என்ன மருந்து அடிச்சாகன்னு கேட்டீகளா?"

"எஞ்சினப் பாருடி. சிங்கம்!"

"நான் ஓஸக் கேக்கேன்."

"கழுவிட்டாப் போச்சு. உங்க அப்பாரு குடுத்த அண்டாவ வெளக்கலையா?"

சோப்புத்தூள் போட்டு மூன்று டிரம் தண்ணீரை அந்த ஓஸ் வழியாக விட்டான். நெடி போய்விட்டது.

இரண்டு நாள் மூடாக்கும் தூறலும். திராட்சையில் பூஞ்சணம் பிடிக்கிற பருவம். அடுத்த தோட்டத்துப் பொன்னாத்தாள் வரப்பில் வந்து நின்றாள். கணவன் செத்த பின் ஒன்றரை ஏக்கர் பந்தலைத் தனியாகவே பார்த்து வருகிறவள்.

"என்ன கொழுந்தனாரே, கெழட்டுக் குதிர ஓடுமா?"

"ஓடவிட்டுப் பாத்துட்டுப் பேசுங்க மதினி."

"என் மிஷினு மெக்கானிக்கிட்ட கெடக்கு. பூஞ்சணத்துக்கு மயில்துத்த மருந்து இன்னைக்கே அடிக்கலேன்னா பிஞ்சு நிக்காது. எனக்கு மொதல்ல அடிச்சுவிட்ரு."

வீரணனுக்குப் பெருமைதான். காலையில் அவள் பந்தல், மதியம் தன் பந்தல். மிஷின் ஒருமுறைகூட மூச்சு வாங்கவில்லை.

ஆறாம் நாள் பொன்னாத்தாளின் கொடிகளில் இலைகள் விசிறி மடக்கியதுபோல் சுருங்கின. குருத்து முறுக்கிக்கொண்டது. பிஞ்சு கருகி உதிர்ந்தது. வீரணனின் பந்தலில் ஓரமாக நாலு இலை, அவ்வளவுதான்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. ரப்பருக்குள் ஊறிக் கிடந்த விஷமெல்லாம் முதலில் அடித்த பந்தலில் இறங்கியிருக்கிறது.

"போய்ச் சொல்லுங்க" என்றாள் சொர்ணலதா.

"சொன்னா ஊரே காறித் துப்பும்."

"சொல்லாட்டி உங்களுக்குச் சோறு எறங்குமா?"

இறங்கவில்லை. ஆனாலும் அதற்கு மேல் பத்து நாள் ஓடிவிட்டது. கிளைகளை வெட்டிக் கவாத்துப் பண்ணினால் கொடி மறுபடி தழைத்துவிடும், இந்த ஒரு காய்ப்புதான் போச்சு, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அதற்கடுத்த நாள் மாலை பொன்னாத்தாள் வரப்பிலிருந்தே பேசினாள். முகம் வற்றியிருந்தது.

"மருந்துக்கடையில எலையக் காட்டுனேன். ஏதோ வைரஸாம். கொடிய அறுத்து எரிச்சிரச் சொல்லிட்டாக. உன் பந்தலுக்குத் தொத்திரக் கூடாதுல்ல, அதான் நாளைக்குக் காலையிலயே அறுக்க ஆள் சொல்லிட்டேன்."

ஏழு வருஷத்துக் கொடிகள். வீரணன் வாயைத் திறந்தான். "சரி மதினி" என்றுதான் வந்தது.

மறுநாள் காலையில் ரம்பச் சத்தம் கேட்டபோது அவன் வரப்பில்தான் நின்றிருந்தான். முதல் கொடி அறுபட்டது. இரண்டாவதும். ஆட்கள் மூன்றாவதை அறுத்து முடித்து நாலாவதில் ரம்பத்தை வைத்தபோது அவன் ஓடினான்.

"நிறுத்துங்கப்பா! மதினி, நோயில்ல. என் ஓஸு. கரும்புக்குக் களைக்கொல்லி அடிச்ச ஓஸு. கவாத்துப் பண்ணா கொடி பொழைச்சுக்கிரும்."

ரம்பக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொன்னாத்தாள் அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னைக்குத் தெரியும்?"

"ஆறாம் நாளே தெரியும்."

"வாங்கும்போது?"

வீரணன் தலையைக் குனிந்தான். "நெடி அடிச்சுச்சு. கழுவுனா போயிரும்னு நெனச்சேன்."

"நல்லாக் கழுவியிருக்க வீரணா" என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. "என் தோட்டத்துல விட்டுக் கழுவியிருக்க."

கொழுந்தனாரே என்ற அழைப்பு அன்றோடு நின்றது.

ஆட்களுக்குக் கூலி கொடுத்து அனுப்பினாள். பிறகு கவாத்துக் கத்தரியைக் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டாள். "பொழைக்கும்னியே, வெட்டு. கடைசிக் கொடி வரைக்கும் நீதான் வெட்டணும். அந்த மிஷினு மட்டும் வரப்பத் தாண்டக் கூடாது."

வீரணன் கத்தரியை எடுத்தான். பந்தலடியில் அறுபட்ட மூன்று அடிக்கட்டைகளிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெட்ட வேண்டிய முதல் கொடிக்கு அவற்றைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.